காபூல்ல இருக்கிற ஒரு பொண்ணு இங்கிலீஷ் டெஸ்ட் எழுதி முடிச்ச அனுபவம்

ஒரு வருஷத்துக்கு மேல காபூல்ல ஒரு பொண்ணுக்கு ஆன்லைன்ல இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கறேன், இப்போதான் யுனிவர்சிட்டி அட்மிஷனுக்கு வேண்டிய டெஸ்ட்டை முடிச்சா. அவ பேரு, ஏரியா எதுவும் சொல்ல மாட்டேன், அவங்க வீட்டுக்கு ஆபத்து.

2021 ஆகஸ்ட்ல தாலிபான் வந்தப்போ அவ பதினொண்ணாவது. 2022 மார்ச் 23 பொண்ணுங்களுக்கும் ஹைஸ்கூல் திறக்கறோம்னு சொன்னாங்க, இவ கருப்பு யூனிஃபார்ம், வெள்ளை ஸ்கார்ஃப் எல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு போயிருக்கா, கொஞ்ச நேரத்துலயே வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. கிளாஸே நடக்காம டிசம்பர்ல பன்னெண்டாவது பரீட்சை மட்டும் எழுத விட்டாங்க, அதே மாசம் யுனிவர்சிட்டியும் பொண்ணுங்களுக்கு இல்லன்னாச்சு. பிரசவம் பார்க்கற படிப்புல சேர்ந்தா, 2024 டிசம்பர்ல அதையும் நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம்தான் தெரிஞ்சவங்க மூலமா என்கிட்ட வந்தா.

வீடியோ கால் எல்லாம் சரிப்படல, நெட் தாங்காது. பாடத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புவேன், அவ ராத்திரி எழுதி போட்டோ எடுத்து அனுப்புவா, முடிஞ்சதும் ரெண்டு பேரும் சாட்டை அழிச்சிடுவோம். வெளிய போன் செக் பண்ணிடுவாங்களோன்னு பயம்.

2025 செப்டம்பர் 29 நாடு முழுக்க நெட்டை நிறுத்தினாங்க பாருங்க, அந்த ரெண்டு நாள் நான் அனுப்பினது எல்லாமே ஒத்தை டிக்லயே நின்னுது. தூங்கவே இல்ல நான். நெட் வந்ததும் அவ அனுப்பின முதல் மெசேஜ், "உஸ்தாத், ஹோம்வொர்க் முடிச்சிட்டேன்". உஸ்தாத்னா அவங்க பாஷையில டீச்சர்.

டெஸ்ட் வீட்டிலிருந்தே எழுதறது, கேமரா ஆன்ல இருக்கணும், ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாது, நடுவுல நெட் போச்சுன்னா செல்லாது. ஐடிக்கு பாஸ்போர்ட் வேணும், அதுக்கே அவங்க அப்பா மாசக்கணக்கா அலைஞ்சார். ஃபீஸ் என் கார்டுல கட்டினேன். முதல் தடவை பாதியில கரண்ட் போச்சு. ரெண்டாவது தடவை கடைக்குட்டித் தம்பி கதவைத் திறந்துக்கிட்டு உள்ள ஓடி வந்துட்டான். அன்னிக்கு ரொம்ப அழுதா.

மூணாவது தடவைக்கு அவங்க அப்பா டாக்ஸி ஓட்டப் போகல. வண்டியில இருந்த பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு வந்து, ரெண்டு வயரை முறுக்கி ரவுட்டருக்கு நேரா கனெக்‌ஷன் கொடுத்துட்டார். அந்த போட்டோ இன்னும் என் கண்ணுலயே இருக்கு, கம்பளம் மேல எண்ணெய்க் கறையோட பேட்டரி, பக்கத்துல அவளோட நோட்டு. அண்ணன் சின்னப் பசங்களை வெளிய கூட்டிட்டுப் போயிட்டான், அம்மா கதவுக்கு வெளிய உட்கார்ந்துட்டாங்க.

அங்க ஆம்பளைங்க எல்லாரும் தாலிபான் பக்கம்தான்னு நிறைய பேர் நினைக்கறாங்க, எனக்கு அது மனசு கேட்காது. பொண்ணு முகத்தை மூடலன்னா அப்பாவையோ அண்ணனையோ கூப்பிட்டு விசாரிச்சு ஜெயில்ல போடலாம்னு 2022 மே மாசமே உத்தரவு போட்டிருக்காங்க, வீட்டு ஆளை வச்சே வீட்டுப் பொண்ணைக் காவல் காக்க வைக்கற ஏற்பாடு அது. அதையெல்லாம் தெரிஞ்சும்தான் இந்த மனுஷன் பேட்டரியைக் கழட்டினார்.

ரெண்டு நாள்ல ரிசல்ட் வந்துது, வேணுங்கற ஸ்கோருக்கு மேலயே. ஆன்லைன் டிகிரிக்கு அப்ளை பண்ணியாச்சு, ஃபீஸ் விலக்கு கேட்டு லெட்டர் எழுதிட்டு இருக்கோம்.

இப்போ வாய்ஸ் நோட்ல இன்னொரு குரலும் கேட்குது, அவ தங்கச்சி. ஆறாவது படிச்சு முடிச்சிட்டா, அதுக்கு மேல அவளுக்கும் ஸ்கூல் கிடையாது.