ஒரு நெட்டுக் கறிவேப்பிலை

போன ஞாயிறு ஆராதனையில் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் வாசித்தார்கள். அன்பு எப்படிப்பட்டது என்று பவுல் சொல்லத் தொடங்குவதே பொறுமையில்தான். தலையை ஆட்டிக் கேட்டேன்.

முடிந்ததும் நேரே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை. இரண்டு பிடி வல்லாரை வாங்கி ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினேன். கீரை விற்கிற ஆச்சி மடியிலிருந்து கொட்டைப்பெட்டியை எடுத்து, ஈரக் கையால் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். பிறகு முதலிலிருந்து திரும்பவும்.

"கெதியாத் தாங்கோவன் ஆச்சி, எனக்கு வேற வேலை இல்லையோ?"

"கண் வடிவாத் தெரியேல்லை பிள்ளை. பிழைச்சுப் போயிடும்."

காசோடு ஒரு நெட்டுக் கறிவேப்பிலையும் பையில் வைத்தார். நான் கேட்கவுமில்லை, அதற்குக் காசு வாங்கவுமில்லை. ஏறி விழுந்தவளுக்கு!

கிறிஸ்தவ அன்பு என்றால் எனக்கு உடனே மானிப்பாய் டொக்டர் கிறீன்தான் நினைவுக்கு வருவார். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து, தமிழ் படித்து, தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்த மனுசன். அவ்வளவு பெரிய தொண்டோடு ஒப்பிட்டால் நம்மால் என்ன ஆகும் என்று சும்மா இருந்துவிடுவது வசதிதான். ஆனால் அவரும் ஒருநாளில் தமிழ் படித்திருக்கமாட்டாரே. எத்தனை பேர் பொறுமையாக நின்று அவருடைய அரைகுறைத் தமிழைக் கேட்டிருப்பார்கள்!

சரி, இன்றைக்குச் சில்லறை மாற்றிக்கொண்டு போனேன். ஆச்சிக்கு என்னை ஞாபகமே இல்லை. பக்கத்தில் குந்தியிருந்து கீரைப் பிடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் நாரி பிடித்துக்கொண்டது.

"எழும்பு பிள்ளை, உனக்கு வேலை இருக்குமெல்லே" என்றார்.