தகடூர் மண்ணின் பாட்டு

ஞாயிறு சாயங்காலம் ஆனா எங்க கவிதை, இசைக் குழு பென்னாகரத்துல கூடிடும். அதியமானைப் பத்தி ஔவை பாடின புறநானூற்றுப் பாட்டை, அவன் ஆண்ட தகடூர் (இன்னைக்குத் தருமபுரி) மண்ணுலயே பசங்க ராகம் போட்டுப் பாடுறதைக் கேக்கணும். சிலிர்த்துப்போகும்!

எனக்கு இன்னும் நெருக்கமானது, ஊர் ஊராப் போய் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பதிவு பண்ற வேலைதான். போன வாரம் ஒரு ஆயா. "பாடுங்க"ன்னா ஒரு வரியும் வரல. ராகி திரிக்கிற திருகையைப் பிடிச்சு ரெண்டு சுத்து சுத்தினாங்க, பாட்டு மடமடன்னு கொட்டுச்சு. கல்லு சுத்துற சத்தமே தாளம். இதையெல்லாம் இப்பவே பதிவு பண்ணணும், தள்ளிப்போடக் கூடாது.

கூத்துக் கலைஞர் ஒருத்தர் பிள்ளைகளுக்குக் காசு வாங்காம மிருதங்கம் சொல்லித் தர்றார். வீட்டுல சும்மா கிடக்கிற ஆர்மோனியம் இருந்தா குடுங்க மக்களே. துருத்தி கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, நாங்க சரி பண்ணிக்கிறோம்.