மீனுக்கும் வேளை உண்டு

கொளத்தூரில் மீன் தீவனம் வாங்கும்போது பக்கத்தில் நின்றவர், "டிரவுட் வளர்க்கலாமா சார்?" என்றார். அது குளிர்ந்த தண்ணீர் மீன்; சென்னை வெயிலில் எங்கே? தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு இரை குறையத் தொடங்கிவிடும். ஆனால் அதன் சாப்பாட்டுக் கணக்கு எங்கள் மாடித் தொட்டி ஜிலேபி மீனுக்கும் பொருந்துகிறது. குஞ்சாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை; வளர்ந்தபின் இரண்டு வேளை போதும்.

நான் சோம்பலில் காலையிலேயே மொத்தமாக ஒரு மூலையில் கொட்டிக்கொண்டிருந்தேன். நாலு தடியன்கள் முட்டி மோதித் தின்றுவிடுவார்கள், பொடிசுகள் பொடிசாகவே நிற்கும். மிச்சம் அடியில் ஊறி, மீனுக்கு ஆகாத அம்மோனியா வேறு.

இப்போது பரவலாகத் தூவுகிறேன். பாய்ந்து வருவது குறைந்ததும் டப்பாவை மூடிவிடுகிறேன். பொடிசுகளுக்கும் வயிறு தெரிகிறது.

அம்மாதான், "எனக்கு வேளைக்குக் காபி கொடுக்க ஆளில்லை" என்கிறார்.