ஆர்எச்சிஎஸ்ஏ எழுதப்போகிறவர்களுக்கு: உங்கள் மெஷின் எந்த சர்வரில் பதிவாகியிருக்கிறது?

ஆர்எச்சிஎஸ்ஏ (ரெட்ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகத் தேர்வு) ரிசல்ட் மெயில் வந்துவிட்டது, பாஸ். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்து அடுத்து எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். 300-க்கு 210 எடுத்தால் பாஸ், மூன்று மணி நேரம், ரீபூட் ஆனாலும் செய்தது நிற்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். அதைக் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.

எல்விஎம் (டிஸ்க் பிரிப்பு), எஸ்இலினக்ஸ் (பாதுகாப்பு) பற்றி எழுத ஊர்ப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவரும் உருப்படியாகச் சொல்லித்தராத விஷயம், முன்னால் இருக்கும் ஆர்எச்இஎல் (ரெட்ஹேட்டின் லினக்ஸ்) மெஷின், பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) வாங்க எந்தச் சந்தா சேவையில் பதிவாகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. தேர்வில் வெளி இணையம் கிடையாது, எனவே இது அங்கே எதற்கு என்று தோன்றும். ஆனால் வீட்டில் பயிற்சிக்கு வைத்திருக்கும் லேப் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். டிஎன்எஃப் (பேக்கேஜ் நிறுவும் கருவி) ஓடாத லேபை வைத்துக்கொண்டு என்னத்தைப் படிப்பது? இன்டர்வியூவிலும் நோண்டக்கூடிய இடம் இது.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எல்லாவற்றையும் ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டுங்கள்.

எல்லோரும் முதலில் அடிப்பது 'சப்ஸ்கிரிப்ஷன்-மேனேஜர் ஐடென்டிட்டி'. சிஸ்டத்தின் யூயூஐடி (தனி அடையாள எண்), பெயர், நிறுவனப் பெயர், நிறுவன ஐடி வரும். எந்த சர்வர் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. பதிவாகாத மெஷின் என்றால் 'இன்னும் பதிவாகவில்லை' என்று சொல்லி, எக்ஸிட் கோட் 1 (தோல்விக் குறி) தரும். ஸ்கிரிப்டுக்கு அது போதும், உங்களுக்குப் போதாது.

அடுத்து 'சப்ஸ்கிரிப்ஷன்-மேனேஜர் வெர்ஷன்'. இதில் 'சர்வர் டைப்' என்று ஒரு வரி வரும். அதை நம்பி ஏமாறாதீர்கள். ரெட்ஹேட்டின் சொந்த சர்வரில் பதிந்திருந்தாலும், கம்பெனிக்குள் ஓடும் சாட்டிலைட்டில் (ரெட்ஹேட் மெஷின்களை நிர்வகிக்கும் சர்வர்) பதிந்திருந்தாலும் 'ரெட்ஹேட் சப்ஸ்கிரிப்ஷன் மேனேஜ்மென்ட்' என்றே காட்டும். பழைய ஆர்எச்என் கிளாசிக் (முந்தைய பதிவு முறை) உயிரோடு இருந்த காலத்தில் வேறுபாடு காட்டுவதற்காக வந்த வரி அது. இன்றைக்கு அதனால் பதிவானதா இல்லையா என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

'ஸ்டேட்டஸ்' கட்டளையில் 'டிசேபிள்டு' என்று வந்தால் பதற வேண்டாம். ஆர்எச்இஎல் 8, 9-இல் சிம்பிள் கன்டென்ட் ஆக்சஸ் (மெஷினுக்கு மெஷின் சந்தா ஒட்டாமலே பேக்கேஜ் தரும் முறை) இயங்கும் கணக்குக்கு அப்படித்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு நன்றாக ஓடும் மெஷினின் பதிவை நீக்குகிறவர்கள் உண்டு.

சர்வர் பெயர் வேண்டுமென்றால் 'சப்ஸ்கிரிப்ஷன்-மேனேஜர் கான்ஃபிக் --லிஸ்ட்'. சர்வர் பகுதியில் மூன்று வரிகளைப் படியுங்கள்:

ஹோஸ்ட்நேம்: 'சப்ஸ்கிரிப்ஷன்.ஆர்எச்எஸ்எம்.ரெட்ஹேட்.காம்' என்றால் ரெட்ஹேட்டேதான். வேறு பெயர் என்றால் சாட்டிலைட், அல்லது அதன் கேப்சூல் (இடைநிலை சர்வர்).
பிரிஃபிக்ஸ்: ரெட்ஹேட்டுக்கு '/சப்ஸ்கிரிப்ஷன்'. சாட்டிலைட்டுக்கு '/ஆர்எச்எஸ்எம்'.
போர்ட்: 443. பழைய கேப்சூல் வழியாகப் போனால் 8443.

மதிப்பைச் சுற்றிச் சதுர அடைப்பு இருந்தால் அது இயல்பு மதிப்பு, யாரும் மாற்றவில்லை. கீழே ஆர்எச்எஸ்எம் பகுதியில் பேஸ்யூஆர்எல் இருக்கும். பேக்கேஜ்கள் இறங்கும் இடம் அதுதான். 'சிடிஎன்.ரெட்ஹேட்.காம்' என்றிருந்தால் நேரடி, 'பல்ப்' என்று பாதையில் தெரிந்தால் சாட்டிலைட். இவ்வளவும் 'எடிசி' அடியில் 'ஆர்எச்எஸ்எம்' டைரக்டரியிலுள்ள 'ஆர்எச்எஸ்எம்.கான்ஃப்' கோப்பில் எழுதியிருப்பவைதான். கட்டளையை விடக் கோப்பைத் திறந்து படிப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

இத்தனை நேரம் சொன்னதெல்லாம் முன்னுரை. கான்ஃப் கோப்பு சொல்வது மெஷின் இனி எங்கே போய்க் கேட்கும் என்பதை மட்டும். அது எங்கே பதிவானது என்பதற்குச் சாட்சி 'எடிசி/பிகேஐ/கன்ஸ்யூமர்' டைரக்டரியிலுள்ள 'செர்ட்.பெம்' என்ற சான்றிதழ்க் கோப்பு. 'ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -இன்' என்று அந்தக் கோப்பைக் கொடுத்து '-நோஅவுட் -சப்ஜெக்ட் -இஷ்யூவர் -டேட்ஸ்' சேருங்கள். சப்ஜெக்டில் இருக்கும் யூயூஐடி, ஐடென்டிட்டியில் வந்ததேதான். இஷ்யூவர் (சான்றிதழ் கொடுத்தவர்) வரியில் 'ரெட்ஹேட் கேண்டில்பின் அத்தாரிட்டி' என்றிருந்தால் ரெட்ஹேட் கொடுத்த சான்றிதழ். 'கட்டெல்லோ' (சாட்டிலைட்டுக்குள் ஓடும் மென்பொருள்) என்றோ கம்பெனி சர்வர் பெயரோ இருந்தால் சாட்டிலைட் கொடுத்தது. இதற்கு நெட்டே வேண்டாம். ஆடிக் காற்றில் மரம் விழுந்து லைன் போன ராத்திரியிலும் பார்க்கலாம்.

இரண்டும் ஒத்துப்போகாத மெஷின்தான் தொல்லை. யாரோ கான்ஃபில் ஹோஸ்ட்நேமை மட்டும் கையால் மாற்றியிருப்பார்கள். மெஷின் ஒருவர் கொடுத்த சான்றிதழை இன்னொருவரிடம் நீட்டும், அவர் ஏற்கமாட்டார். பிழைச் செய்தி எஸ்எஸ்எல் பற்றிப் பேசும், ஆட்கள் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருப்பார்கள். கான்ஃபும் இஷ்யூவரும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பாருங்கள். தினமும் லேபைத் திறந்ததும் இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். அதிகம் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

சாட்டிலைட்டிலிருந்து ரெட்ஹேட்டுக்கு மாற்றும் வரிசை:

1. முதலில் 'அன்ரெஜிஸ்டர்', பழைய சர்வர் எட்டும் நிலையில் இருக்கும்போதே.
2. 'கட்டெல்லோ-சிஏ-கன்ஸ்யூமர்' என்று தொடங்கும் ஆர்பிஎம் (பேக்கேஜ்) இருந்தால் நீக்குங்கள்.
3. 'சப்ஸ்கிரிப்ஷன்-மேனேஜர் கிளீன்'.
4. கான்ஃபில் பழைய பெயர் இன்னும் இருந்தால் 'கான்ஃபிக் --ரிமூவ்=சர்வர்.ஹோஸ்ட்நேம்', இயல்பு மதிப்புக்குத் திரும்பும். பிரிஃபிக்ஸ், பேஸ்யூஆர்எல் இரண்டையும் இதேபோல் பாருங்கள்.
5. 'ரெஜிஸ்டர்', பிறகு 'டிஎன்எஃப் கிளீன் ஆல்', 'டிஎன்எஃப் ரெப்போலிஸ்ட்'.

1-ஐயும் 2-ஐயும் மாற்றிப்போட்டால் பதிவு நீக்கும் வேண்டுகோள் தப்பான சர்வருக்குப் போய்த் தோற்கும், பழைய பதிவு அங்கேயே கிடக்கும். வெறும் 'கிளீன்' மட்டும் அடித்தாலும் இதே கதி, அது உள்ளூர்க் கோப்புகளை மட்டும்தான் அழிக்கும். தனிநபர் டெவலப்பர் சந்தாவில் 16 சிஸ்டம்தான். போர்ட்டலில் பேய்ப் பதிவுகள் சேர்ந்தால் கணக்கு குழம்பும்.

விஎம்மை (மெய்நிகர் மெஷின்) குளோன் செய்பவர்கள் குளோனுக்கு முன்பே பதிவை நீக்குங்கள். இல்லையென்றால் இரண்டு மெஷினுக்கும் ஒரே யூயூஐடி. ஏற்கெனவே செய்துவிட்டீர்களா? நகலில் மட்டும் 'கிளீன்', பிறகு புதிதாகப் பதிவு. அங்கே 'அன்ரெஜிஸ்டர்' அடித்தால் அசலின் பதிவும் போய்விடும்.

நம் மலையில் கரண்ட் போய்ப் போய் வரும், லேப்டாப்பும் தூங்கித் தூங்கி எழும். உள்ளேயிருக்கும் விஎம்மின் கடிகாரம் அதனால் பின்தங்கிவிடும். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற வகைப் பிழை வந்தால் முதலில் 'டைம்டேட்சிடிஎல்' அடித்து நேரம் பாருங்கள், அப்புறம் 'க்ரோனிசி மேக்ஸ்டெப்' (மேக், ஸ்டெப் சேர்ந்த ஒரே சொல்) அடித்துச் சரிசெய்யுங்கள். மறுபதிவு தேவைப்படாது.

கிளவுடில் மணிக்கணக்குக்கு எடுத்த மெஷின் 'பதிவாகவில்லை' என்று சொல்லிக்கொண்டே பேக்கேஜ் இறக்கும். அங்கே ஆர்எச்யூஐ (கிளவுடுக்குள் இருக்கும் ரெட்ஹேட் அப்டேட் சர்வர்) வழியாக வருகிறது, ரெப்போ பட்டியலிலேயே அந்தப் பெயர் தெரியும். ராக்கியிலோ அல்மாவிலோ (ஆர்எச்இஎல் போன்ற இலவச லினக்ஸ்கள்) பயிற்சி செய்பவர்களுக்கு டிஎன்எஃப் ஓடச் சந்தாவே தேவையில்லை, ஆனால் மேலே சொன்னதில் பெரும்பாலானதைப் பழகவும் முடியாது. ஒரு விஎம்மாவது அசல் ஆர்எச்இஎல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோவைக்குப் போய் எழுதுபவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தேதி எடுக்க வேண்டியிருந்தால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் மொத்த வண்டியும் கோத்தகிரி பாதையில்தான் திரும்பும்.