ஃபிளாக் கரையில் எதிர்காற்று

மொரீசியஸில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒன்று கூடினால் பேச்சு மலையைத்தான் சுற்றும். ஷமாரெல் ஏற்றத்தில் யார் எங்கே இறங்கித் தள்ளினார்கள், யார் இறங்காமலேயே ஏறினார்கள் என்பதிலேயே பொழுது போய்விடும். குட்லேண்ட்ஸில் குடியிருந்து, பள்ளியில் தமிழ் கற்பித்துவரும் நான், பதினோரு ஆண்டுகளாகத் தீவின் வடகிழக்குக் கரையில், மேடு என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லாத சாலைகளில்தான் வண்டி ஓட்டுகிறேன். “அதில் என்ன இருக்கிறது ஐயா, பிள்ளைகள் ஓட்டும் சாலை அது” என்று ஒரு சக ஆசிரியர் சிரித்தார். அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் மனைவி பிறந்த ஊர் த்ரூ தோ தூஸ். திருமணமான முதல் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறன்று, மாமியார் வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு பெல் மார், போஸ்ட் லஃபாயெத், ரோஷ் நுவார் வழியாகப் பூத்ர தோர் வரை சென்றேன். தூரம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அந்தக் காலையில் என் கால்களுக்கு என்ன நேர்ந்தது என்றே புரியவில்லை; வேகமானியின் எண் 35-ஐ விட்டு இறங்க மறுத்தது. 1744 ஆகஸ்டில் பாறைத்திட்டில் மோதி மூழ்கிய செந்த் ஜெரான் கப்பலுக்குப் பூத்ர தோரில் ஒரு நினைவுத்தூண் உண்டு. அதன் அடியில் அமர்ந்து, இத்தனை நாள் என் திறமையை நானே அறியாமல் இருந்துவிட்டேனே என்று வருந்திக்கொண்டே இரண்டு காத்தோ பிமான் தின்றேன். (நம் பருப்பு வடையைச் சிறிதாக உருட்டினால் காத்தோ பிமான், இதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்ற கேள்வியில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.)

திரும்பும்போதுதான் என் திறமையின் பெயர் தெரிந்தது. இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அதை அலிஸே என்பார்கள். தென்கிழக்கிலிருந்து வரும் வணிகக்காற்று அது. ஆண்டு முழுவதும் உண்டு என்றாலும், குளிர்காலமான ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் விடாமல் வீசும். காலையில் முதுகைத் தள்ளிக்கொண்டுவந்த அதே காற்று இப்போது மார்பில் கைவைத்து நின்றது. ரோஷ் நுவாரைத் தாண்டியபோது வேகம் 13. போஸ்ட் லஃபாயெத்தில் அதுவும் இல்லை. பெல் மாருக்கு முன்னதாக ஒரு சவுக்கு மரத்தடியில் வண்டியைச் சாய்த்துவிட்டு மைத்துனரைக் கூப்பிட்டேன். அவர் காய்கறி ஏற்றும் வேனுடன் வந்தார். வெங்காய மூட்டைகளுக்கு இடையே என் வண்டி படுத்துக்கொண்டு வந்ததை அந்தத் தெருவே பார்த்தது.

மலையேற்றத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: எவ்வளவு ஏறினாலும் ஒரு கட்டத்தில் உச்சி வரும், பிறகு பெடலை நிறுத்திவிட்டு இறங்கலாம். எதிர்காற்றுக்கு உச்சி கிடையாது. சமதரையில் கால் ஓய்ந்தால் வண்டியும் ஓய்ந்துவிடும். காற்றில்லாத நாளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் 25 கிலோமீட்டர் வேகக் காற்றைத்தான் உடலால் பிளக்கிறான். அதே வேகக் காற்று எதிரே வீசினால், வேகத்தைக் குறைக்காதவரை அவன் பிளக்க வேண்டியது 50. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், சுமை இரண்டு மடங்காகாமல் நான்கு மடங்காகிறது. ஆகவே எதிர்காற்றில் வேகத்தைக் காப்பாற்ற நினைப்பது வீண். கியரை இரண்டு பல் இலகுவாக்கி, முழங்கையை மடக்கி, உடலைத் தாழ்த்தி, வேகமானியைப் பார்க்காமல் ஓட்டுவதே சரி. நான் அந்தக் கருவியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கழற்றிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு என் வழியைத் திருப்பிக்கொண்டேன். குட்லேண்ட்ஸிலிருந்து தென்கிழக்கு நோக்கிப் புறப்பட்டால் உடல் புதிதாக இருக்கும்போது காற்று எதிரே நிற்கும். களைத்துத் திரும்பும்போது அது பின்னால் வரும். வெயில் ஏற ஏறக் கடற்காற்றும் அதனுடன் சேர்ந்துகொள்வதால், பத்து மணிக்குள் தென்கோடியைத் தொட்டுவிட வேண்டும். இங்கே சாலையில் இடப்பக்கம் செல்வது வழக்கம் என்பதால், போகும்போது கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். போஸ்ட் லஃபாயெத்தில் அலையின் தூறல் உதட்டில் உப்பாகப் படியும். அங்குள்ள சவுக்கு மரங்கள் எல்லாம் நிலத்தின் பக்கமாகத் தலை சாய்த்தே வளர்ந்திருப்பதைக் கண்டால், காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று விரலை நனைத்துப் பார்க்கத் தேவையில்லை.

கடற்கரையை விட்டு உள்ளே திரும்பினால் கரும்பு. வயல்களுக்கு நடுவே செல்லும் குறுகிய தார்ச்சாலைகளில் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று வண்டிகள் எதிர்ப்பட்டால் அதிகம். மே மாத வாக்கில் கரும்பு ஆளுயரத்துக்கும் மேலாக நின்று இரண்டு பக்கமும் சுவராகிவிடும். அப்போது காற்று மேலே சலசலத்துப் போகுமே தவிரச் சாலையில் இறங்காது. ஆனால் வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பதும் தெரியாது. நாய் வரலாம், மோட்டார் சைக்கிள் வரலாம். ஜூன் மாதத்தில் வெட்டு தொடங்கும். ஆண்டின் இறுதிவரை நடக்கும். வெட்டிய வயலில் அடுத்த கிராமத்துக் கோயில் கோபுரம் வரை கண் போகும். அந்த வழியாகவே காற்றும் வரும். பாதி வெட்டிய வயல்தான் ஆபத்தானது. கரும்பின் மறைவில் நிமிர்ந்து போய்க்கொண்டிருப்பவனை, சுவர் முடியும் இடத்தில் காற்று பக்கவாட்டில் அறைந்து சாலையின் நடுவுக்குத் தள்ளிவிடும். கரும்பு லாரி வரும் பருவமும் அதுவே என்பதால், வயலின் முனை நெருங்கும்போது நான் இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

இந்த நிலத்தின் தன்மையை ஊர்ப்பெயர்களே சொல்லிவிடுகின்றன. ஃபிளாக் என்ற மாவட்டப் பெயர் டச்சுக்காரர்கள் சமவெளியைக் குறிக்க வழங்கிய சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பெல் மார் என்றால் அழகிய குட்டை. த்ரூ தோ தூஸ் என்றால் நன்னீர்க் குழி. ரோஷ் நுவார் கரும்பாறை. நான்கையும் சேர்த்துப் படித்தால் பாடம் முடிந்தது: எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த கரும்பாறைத் தரை துளைகள் நிறைந்தது, நடுத்தீவின் மேட்டுநிலத்தில் பெய்யும் மழை அந்தத் துளைகளில் இறங்கி, மண்ணுக்கடியிலேயே ஓடி, கடல் மட்டத்தை நெருங்கும் இடத்தில் ஊற்றாகக் கசிகிறது. அதனால்தான் ஆறே இல்லாத இடங்களிலும் இந்தக் கரையில் சேற்றுநிலமும் நாணலும் காணப்படுகின்றன. கடல் நிலத்துக்குள் புகுந்த சிறு கழிகளின் வாயில் கல்லடுக்கி மீன் அடைத்த பழைய பாராஷ்வாக்களும் இங்கே உண்டு. சிலவற்றின் ஓரத்தில் சுரபுன்னை மீண்டும் தழைத்திருக்கிறது. சாலை திடீரென்று காரணமில்லாமல் வளைந்தால் நான் உள்பக்கத்தை எட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே தண்ணீர் இருக்கும், அல்லது இருந்திருக்கும்.

இருந்திருக்கும் என்பதில்தான் எனக்குக் குறை. நான் ஓட்டத் தொடங்கிய காலத்தில் கொக்கு நின்ற இரண்டு குட்டைகள் இப்போது மதில் சூழ்ந்த பங்களாக்களாகிவிட்டன. மண் கொட்டி நிரப்பியவர்கள் தண்ணீர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். கோடை மழையில் அது சாலைக்கு வந்து நிற்கிறது. முழங்கால் ஆழக் கலங்கல் நீரில் பள்ளம் எது, தார் எது என்று தெரியாமல் வண்டியைத் தோளில் தூக்கி நடந்தபோது, அந்த மதில்களைப் பார்த்து நான் நினைத்தவை தமிழாசிரியர் எழுதத் தகாதவை.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கழிகளுக்கு விருந்தினர் வருவார்கள். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் உள்ளான் பறவைகள் இங்கே சேற்றைக் குத்திக்கொண்டு வெயில் காயும். தலைநகரை ஒட்டிய தேர் ரூஜ் கழிமுகம் இவற்றுக்குப் பெயர்போன இடம். வெறும் 26 ஹெக்டேர்தான், ஆனாலும் 2001 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. என் வழியில் அத்தனை கூட்டம் இல்லை, பத்தும் இருபதுமாகத்தான் நிற்கும். அலகைக் காற்றின் பக்கம் திருப்பியே நிற்பது அவற்றின் வழக்கம். இறகு கலையாமல் இருக்க அதுதான் வழி. திசைகாட்டியைப் போல அவை அனைத்தும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதைக் கண்டால், அடுத்த அரைமணி நேரம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும். வேகமாகப் போகிறவனுக்கு இவை வெறும் சேற்றுக் கட்டிகளாகத்தான் தெரியும்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறுவதற்காக எடை குறைத்த வண்டி இங்கே வீண் செலவு. மெல்லிய டயரையும் நான் விட்டுவிட்டேன். 28 மில்லிமீட்டர் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து அடித்தால், பவள மணல் படிந்த திருப்பங்களில் வழுக்காது, கரும்புத் தோகை சிதறிய சாலையிலும் உடல் அதிராது. உண்மையான எதிரி உப்பு. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் நன்னீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் இடாவிட்டால், இரண்டே நாளில் அது குங்கும நிறமாகிவிடும். சீட்டுக் கம்பியை ஆண்டுக்கு இரண்டு முறை கழற்றிக் கிரீஸ் தடவ வேண்டும். நான் ஒரு முறை மறந்து, சட்டத்தோடு ஒட்டிக்கொண்ட கம்பியை அறுத்தெடுக்க நேர்ந்தது; புதிய சட்டத்தின் பாதி விலை அதற்கே போயிற்று.

பெல் மாரில் கடலுக்குப் பின்புறம் வெங்காய வயல்கள் உண்டு. அங்கே ஒரு பெரியவர் என்னைக் கண்டால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு “வணக்கம்” என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அந்தச் சொல்லும், காவடிக்குப் பாடும் பாட்டுகளும்தான்; மற்றதெல்லாம் கிரியோல். முழுப் பதிகத்தைப் பிசகாமல் பாடிவிட்டு, அதன் பொருள் என்ன என்று என்னிடம் கேட்பார். நான் சொல்வேன். பதிலுக்கு அவர் வானத்தைப் பார்த்து, காற்று எப்போது தணியும் என்று சொல்வார். என் விளக்கத்தைவிட அவர் கணிப்புதான் அதிகம் பலித்திருக்கிறது.

மைத்துனருக்கு மட்டும் அந்த முதல் ஜூலை மறக்கவில்லை. ‘அத்தான்’ என்று கூப்பிடச் சொல்லி நான் எவ்வளவு கற்பித்தும் ‘போஃப்ரேர்’ என்றே அழைக்கும் அவர், நான் மாமியார் வீட்டு வாசலில் ஹெல்மெட்டை மாட்டும்போதெல்லாம் தவறாமல் கேட்கிறார்: வேனில் டீசல் போட்டு வைக்கட்டுமா?