அப்பாவின் வேட்டியில் 11 படம்

தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை ஆரம்பித்தது. தைப்பூசம் வருவதற்குள் 11 படம் முடிந்துவிட்டது. வாரம் ஒரு படம், வீட்டிலேயே, முழுதாக. பாட்டைத் தாண்டி ஓட்டக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது, பார்த்த அன்றைக்கே நோட்டில் எழுதிவிட வேண்டும். இவ்வளவுதான் திட்டம். நோட்டு என்றால் மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே 555. ஒரு பக்கத்துக்கு ஒரு படம்: பெயர், ஆண்டு, பத்துக்கு எத்தனை மதிப்பெண், இரண்டு வரி கருத்து.

எனக்குப் படப் பைத்தியம் என்று ஊரெல்லாம் பேர். ஆனால் கடைசி இரண்டு வருடத்தில் எதை முழுதாகப் பார்த்தாய் என்று கேட்டால் முழிப்பேன். பாதிப் படம் சோறு தின்னும்போது, மீதி துணி மடிக்கும்போது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து தியேட்டருக்கு நாங்கள் போவதென்றால் ஈப்போதான். அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி. இரண்டரை மணி நேரம் அந்தக் குளிரில் உட்கார மாட்டார். அதனால் வீட்டுக்கே திரையைக் கொண்டுவந்தேன்.

இணையத்தில் 300 மலேசிய வெள்ளிக்குள் ஒரு புரொஜெக்டர். விசிறிச் சத்தம் மாவு மில் மாதிரி. முதல் வாரம் சுவரிலேயே அடித்தோம். எங்கள் ஹால் சுவருக்கு வெளிர்ப் பச்சைச் சாயம், அத்தனை பேர் முகத்திலும் மஞ்சள் காமாலை. அடுத்த வாரம் மெத்தை விரிப்பு. வெள்ளை என்று நினைத்து எடுத்தேன், விளக்கு பட்டதும் உள்ளே மறைந்திருந்த பூவெல்லாம் தெரிந்தது. மூன்றாம் வாரம் அம்மா ஒன்றும் சொல்லாமல் அலமாரியைத் திறந்து அப்பாவின் எட்டு முழ வேட்டியை எடுத்துக் கொடுத்தார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. நாப்தலின் உருண்டை வாசம்.

வேட்டியை ஒற்றையாகத் தொங்கவிட்டால் வெளிச்சத்தில் பாதி பின்பக்கம் ஓடிவிடுகிறது, படம் மங்கல். இரண்டாக மடித்து, ஓரத்தில் துணிக்கவ்வி போட்டு, கீழே குச்சி கோத்து இழுத்துக் கட்டினால் பிரமாதம். ஒரே குறை, கரை. பச்சைக் கரை சரியாக சப்டைட்டில் விழும் இடத்தில் வருகிறது. அண்ணன் மகனுக்கு வயது 14, சப்டைட்டில் இல்லாமல் அவனுக்குப் பழைய படத்து வசனம் பாதி புரியாது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தான்.

இன்னொரு எதிரி மழை. முன்பக்கம் தகரக் கூரை போட்டிருக்கிறோம். நான்காவது படத்தின் இரண்டாம் பாதியை முழுக்க வாயசைவில்தான் பார்த்தோம். அது ஒரு பெரிய நடிகரின் புதுப் படம், பேர் வேண்டாம். சத்தம் இல்லாததால் ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை. மதிப்பெண் 3.

பாட்டை ஓட்டக் கூடாது என்ற விதிதான் ரொம்ப சோதித்தது. வீட்டில் பார்க்கும்போது விரல் தானாக ரிமோட்டுக்குப் போகிறது. ஆனால் விதியைக் காப்பாற்றியதில் ஒன்று தெரிந்தது: பாட்டு நன்றாக இல்லாத படத்தில் பாட்டு வரும்போது அம்மா எழுந்து அடுப்படிக்குப் போவார், நன்றாக இருந்தால் உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்து இயக்குநர்கள் இதைக் கணக்குப் போட்டுத்தான் படம் எடுத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, பாலு மகேந்திராவின் 'வீடு'. 1988. பாட்டே கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் சொந்தமாக ஒரு வீடு கட்டப் புறப்படும் சாதாரணச் சம்பளக்காரப் பெண்ணின் கதை. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். நான் 9 போட்டேன். முடிக்காத வீட்டை அந்தப் பெண்ணின் தாத்தா வந்து சுவரைத் தொட்டுப் பார்க்கிற இடத்துக்கே அது தகும். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கஷ்டத்த நாமதான் பார்த்துட்டோமே, அத காசு கொடுத்து வேற பார்க்கணுமா?" வீட்டுக் கடன் கட்டி முடித்த பெண்மணியிடம் நான் என்ன வாதாடுவது?

'கபாலி'யை 2016இல் ஈப்போ தியேட்டரில் ஏற்கெனவே பார்த்திருந்தோம். அன்றைக்குக் கடைசியில், கபாலி போலீசில் சரணடைந்துவிட்டார் என்று எழுத்துப் போட்டு முடித்தார்கள். நம் நாட்டுத் தணிக்கைக்காகச் சேர்த்தது. வீட்டில் பார்த்த பிரதியில் அந்த எழுத்து இல்லை. திரை இருள்கிறது, ஒரு துப்பாக்கிச் சத்தம், அவ்வளவுதான்.

"எழுத்து எங்கடி?"

"இதுதாம்மா அசல்."

"அப்ப அவன் செத்துட்டானா?"

"தெரியாது. நாமளே நெனச்சுக்கணும்."

"எட்டு வருஷத்துக்கு மேல அவன் ஜெயில்ல இருக்கான்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று அம்மா உண்மையிலேயே வருத்தப்பட்டார். என் கருத்து: துப்பாக்கிச் சண்டையெல்லாம் இரண்டாம் முறை பார்க்கும்போது நீளம். கபாலி மனைவியைத் தேடிப் போகிற பகுதி மட்டும் முதல் முறையைவிட நன்றாக இருந்தது. அதில் ரஜினி வயதானவராகவே இருக்கிறார், அதுவே ஆறுதல். 6.

அடுத்து நம் ஊர்ப் படம், 'ஜகாட்'. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது, 2015. தேசிய மொழியான மலாயில் இல்லாத படத்தைச் சிறந்த மலேசியப் படப் போட்டியில் சேர்ப்பதா என்று 2016இல் பெரிய சர்ச்சை கிளம்பி, விருதுப் பிரிவுகளையே மாற்றினார்கள். கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்று இதற்கே கொடுத்தார்கள். தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பம், படி படி என்று அடித்து வளர்க்கும் அப்பா, சிற்றப்பன்மார் பக்கம் சாயும் பையன்.

தலைப்பைக் கேட்டதுமே அண்ணன் மகன் சிரித்தான். மலாயில் ஜஹாட் என்றால் கெட்ட என்று அர்த்தம், நம் வாயில் ஜகாட். பாட்டி அவனை அழைக்கிற பேரே அதுதானே! முதல் அரை மணி நேரம் ஒவ்வொரு வசனத்துக்கும் சிரித்தான். நாங்கள் பேசுகிற மாதிரியே திரையில் பேசினால் அவனுக்கு அது நகைச்சுவை. அப்பா அடிக்கிற காட்சி வந்ததும் சிரிப்பு நின்றது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். பாட்டு எதுவும் ஓடவில்லை. குழாய்ச் சத்தமும் கேட்கவில்லை. சும்மா நின்றிருக்கிறார். என் அண்ணன் வாங்கிய அடியெல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் அவன் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? அன்றைக்கு 555இல் மதிப்பெண் கட்டம் காலி.

ஒன்பதாவது, 'மேற்குத் தொடர்ச்சி மலை'. லெனின் பாரதி, 2018. ஈப்போ புந்தோங்கில் விற்கும் கச்சான் பூத்தே, அதாவது கடலை நொறுக்குத் தீனி, ஒரு பொட்டலம் பிரித்து வைத்திருந்தோம். தேனிப் பக்கத்து மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறி இறங்கும் கூலிக்காரன், சொந்தமாகத் துண்டு நிலம் வேண்டும் என்ற ஒரே ஆசை. கதை நடக்கிறதா, மலைதான் நடக்கிறதா என்று தெரியாத வேகம். அரை மணி நேரத்தில் நான் நோட்டில் 'இழுவை, 5' என்று எழுதிவிட்டேன். படம் முடியும் முன்னே எழுதியது விதிமீறல்.

அம்மா கச்சானைத் தொடவே இல்லை. மூட்டையைத் தோளில் ஏற்றுகிற காட்சியில் தன் தோளைத் தடவிக்கொண்டார். அவர் 15 வயதில் ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நின்றவர். இடையில் பையன், "பாட்டி, பால் மரம் எப்படி வெட்டுவீங்க?" என்று கேட்க, படத்தை நிறுத்தச் சொன்னார். நாற்காலிக் கையை மரமாக்கி, ஆள்காட்டி விரலை வளைத்து உளியாக்கி, மேலே இடப்பக்கம் வைத்து, சாய்வாகக் கீழே வலப்பக்கம் இழுத்தார். ஒரே இழுப்பு. "பட்டையத்தான் சீவணும். உள்ள மரத்துல பட்டா காயம். மண்டோர் ஏசுவாரு." மண்டோர் என்றால் கங்காணி. விரல் திரும்ப மேலே போகவில்லை, அடுத்த மரத்துக்குப் போவதுபோல் தானாகப் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தது.

படத்தின் முடிவில் அவன் தன் நிலத்தை இழந்து, அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே போய்க்கொண்டே இருக்கிறது, அவன் புள்ளியாகிறான்.

எங்கள் அப்பா 22 வருடம் பால் வெட்டிய தோட்டத்தில்தான் பிறகு தாமான், அதாவது குடியிருப்பு, எழும்பியது. அந்தத் தாமான் வாசலில்தான் அவர் ஜாகா, அதாவது காவல்காரர், வேலை பார்த்தார். இதை நான் மறந்தே இருந்தேன் என்பதல்ல. படத்தைப் பார்க்கும்போது அது என் தலைக்குள் வரவில்லை, அவ்வளவுதான். அம்மா வேட்டியைப் பார்த்தபடியே, "பிளாஸ்க்குல காப்பி குடுத்து அனுப்புவேன். பாதிய அப்படியே திருப்பிக் கொண்டாருவாரு. குடிச்சா ஒண்ணுக்கு வரும், கேட்ட விட்டுப் போவக் கூடாதுன்னு" என்றார்.

5ஐ அடித்தேன். வேறு எண் எழுதவில்லை. அதற்கப்புறம் பார்த்த இரண்டு படத்துக்கும் மதிப்பெண் போடவில்லை. கருத்து எழுதும் இடத்தில் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இரண்டு வரி போதவில்லை, பக்கம் தாண்டுகிறது.

12ஆவது படத்தை அம்மாவே தேர்ந்தெடுத்துவிட்டார்: 'எங்க வீட்டுப் பிள்ளை'. 1965இல் வந்தது. எம்ஜிஆருக்கு இரட்டை வேடம். தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் போட்டபோது அம்மா சின்னப் பிள்ளை. முன்பக்கம் கூட்டம் தாங்காமல் பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்களாம். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி ஓடும். "எம்ஜிஆரு இடது கையால சாட்டைய எடுத்து வெளுப்பாரு பாரு" என்றார். "எம்ஜிஆர் இடது கையா பாட்டி?" என்றான் பையன். "அப்படித்தாண்டா நான் பார்த்தேன்."

அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் அம்மா எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். ஆனாலும் மனசில் இருப்பது அந்த இடது கைச் சாட்டைதான்.

நேற்று வேட்டியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். மடிப்பைப் பிரித்து ஒற்றையாக்கி, ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கிற வாசலில் கட்டிப் பார்த்தோம். வாசலைவிட வேட்டி அகலம், ஓரங்களைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். விளக்கைப் போட்டதும் பின்பக்கம் நன்றாகவே தெரிகிறது, கொஞ்சம் மங்கல்தான். அம்மா தன் நாற்காலியை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போட்டு, உட்கார்ந்து பார்த்து, இன்னும் ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறார்.