ஹோவர்டு கேடயம்: நான்காவது தடவையில் சிங்கம் வாய் திறந்தது

ஒருவழியாகச் சிங்கம் வந்துவிட்டது! இங்கிலாந்தில் நார்ஃபோக் டியூக் என்ற உயர் பிரபுப் பட்டம் பெற்ற ஹோவர்டு குடும்பத்தின் கேடயச் சின்னத்தைத் தாளில் தீட்டத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. சிவப்புத் தளம், வெள்ளைச் சாய்பட்டை, மேலே மூன்றும் கீழே மூன்றுமாகச் சிலுவைகள், இதெல்லாம் சுலபம்தான். என்னைப் படுத்தி எடுத்தது பட்டையின் மேல் இருக்கும் குட்டிக் கேடயம்.

என் தாளில் அதன் உயரம் 18 மில்லிமீட்டர். அதற்குள் மஞ்சள் தளம், சிவப்பில் அரைச் சிங்கம், அதன் வாயில் தைத்த அம்பு, சுற்றிலும் லில்லிப் பூ வைத்த இரட்டைக் கோடு. ஸ்காட்லாந்து அரசரின் சிங்கம்தான் அது. 1513 செப்டம்பர் 9 அன்று ஃபிளாடன் போரில் அந்த அரசர் நான்காம் ஜேம்ஸ் களத்திலேயே விழுந்தார். இங்கிலாந்துப் படையை நடத்திய தாமஸ் ஹோவர்டுக்கு வயது எழுபது. அவருடைய அப்பா 1485இல் பாஸ்வொர்த் போரில் தோற்ற அரசர் மூன்றாம் ரிச்சர்டின் பக்கம் நின்று செத்ததில் டியூக் பட்டம் பறிபோயிருந்தது. 1514இல் பட்டம் திரும்பியது, கூடவே இந்தச் சிங்கமும் கிடைத்தது. குடும்பமே தலைநிமிர்ந்த இடத்தை ஒரு சிவப்புப் பொட்டாக வைத்து ஒப்பேற்ற எனக்கு மனமில்லை.

நான் அம்பையும் சிவப்பாகவே வைத்தேன். அங்கேதான் சிக்கல். சிங்கத்தைத் தீட்டி முடித்து, அம்பைப் பிரித்துக் காட்ட மஞ்சள் கோடு இழுத்தால், அடியிலிருக்கும் சிவப்பு குவாஷ் (நீரில் கரையும் அடர்வண்ணம்) ஈரம் பட்டுக் கரைந்து ஆரஞ்சாகிவிடும். மூன்று தடவை இதே கதை. நான்காவது முறை தலைகீழாகப் போனேன்: முதலில் அம்பு, அது நன்றாகக் காய்ந்ததும் மேல்தாடை, அப்புறம் கீழ்த்தாடை. நடுவே முடியளவு மஞ்சளைத் தொடாமல் விட்டேன். தூரிகையையும் மாற்றினேன். மிக மெல்லிய மூன்று சைபர் (000) தூரிகையில் வண்ணம் தாளைத் தொடுவதற்குள் காய்ந்துவிடுகிறது. நுனி கூராக நிற்கும் ஒன்றாம் எண் தூரிகைதான் கைகொடுத்தது.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஒட்டும் தங்க ரேக்கையும் வாங்கிப் பார்த்தேன். இவ்வளவு சின்ன இடத்தில் ஓரம் பிசிறடிக்கிறது. பாதி ரேக்கு மடங்கிப்போய் வந்தது வேறு. கடைக்காரர் மாற்றித் தரவில்லை.

மிச்ச ரேக்குக்கு வேலை இருக்கிறது. அடுத்தது இந்தத் தாமஸின் பேரன், சர்ரே பிரபு ஹென்றி ஹோவர்டின் கேடயம். பழைய இங்கிலாந்து அரசர் 'கன்ஃபெஸர்' எட்வர்டின் சின்னத்தைத் தன் கேடயத்தில் சேர்த்தார் என்பதே ராஜத்துரோகமாகி, 1547 ஜனவரி 19 அன்று அவர் தலை போனது. அவருடைய அப்பா, மூன்றாம் டியூக், தன் தங்கை மகளும் எட்டாம் ஹென்றியின் மனைவியுமான ஆன் பொலினின் விசாரணைக்கே தலைமை தாங்கி அரசரிடம் நிலைத்தவர். அவருக்கும் மரணம்தான் காத்திருந்தது. ஜனவரி 28 அன்று எட்டாம் ஹென்றி இறந்துபோனதால் பிழைத்தார். நீலத்தில் தங்கச் சிலுவை, ஐந்து தங்கப் பறவைகள்: ஒரு உயிரை வாங்கிய சின்னம் அது, அதைப் பெரிதாகவே வரையப்போகிறேன்.

இப்போதைய கேடயத்தில் இன்னும் இரண்டு சிலுவை பாக்கி. வெள்ளைக் குழாய் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும்.